காடாறு மாதம், நாடாறு மாதம்
நஞ்சன்கூட்டில் ஒரு மாதத்து மாயக் கதைகள்

நஞ்சன்கூட்டில் மாலை வேளையில் கபிலா ஆற்றங்கரைக்குப் போனால் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் மணியோசை கேட்கும். அந்த நேரத்தில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள். ஆலையில் ஷிப்டு வேலை, ஆபீசில் கணக்கு வேலை, கடையில் சிப்பந்தி வேலை. இதெல்லாம் போக அவர்களுக்கு மிஞ்சுகிற பொழுது கொஞ்சந்தான்.

அந்தக் கொஞ்சப் பொழுதில், ஒரு சம்பளத் தேதிக்கும் மறு சம்பளத் தேதிக்கும் நடுவே, எத்தனை மாயக் கதைகளைப் படித்துவிட முடியும்? தினம் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் முப்பது நாளில் 15 மணி நேரம் ஆகிறது. பெரியெழுத்து விக்கிரமாதித்தன் கதையைப் புரட்டிப் பார்த்து, பழைய அம்புலிமாமாக்கள் சிலவற்றையும் முடித்து, ஒரு நாவலும் படிக்க அது போதும்.

“மாயக் கதையா? அது சின்னப் பிள்ளைகள் சமாசாரம் அல்லவா?” என்று சிலர் கேட்கலாம். வேதாளம், பேசும் பதுமை, பறக்கும் குதிரை என்று படித்துக்கொண்டிருந்தால் வாடகைப் பணம் யார் கொடுப்பது என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கதைகளை அவசரப்படாமல் படித்துப் பார்த்தால், வாடகை கொடுக்கிறவனின் கவலைதான் அவற்றில் பாதிக்கு மேல் இருக்கிறது.

பட்டி செய்த தந்திரம்

விக்கிரமாதித்தன் கதையையே எடுத்துக்கொள்வோம். இந்திரன் கொடுத்த சிம்மாசனத்தில் அமர்ந்து ஆயிரம் ஆண்டுகள் ஆள விக்கிரமாதித்தனுக்கு வரம் கிடைக்கிறது. மந்திரி பட்டிக்கோ காளியின் அருளால் இரண்டாயிரம் ஆண்டு ஆயுள். ராஜா போன பிறகு மந்திரி மட்டும் இருந்து என்ன பிரயோசனம்? பட்டி ஒரு கணக்குப் போடுகிறான். வரம் சிம்மாசனத்தில் இருக்கும் காலத்துக்குத்தானே? ஆறு மாதம் சிம்மாசனத்தில் இருப்பது, ஆறு மாதம் காட்டில் திரிவது என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் ஆண்டு இரண்டாயிரம் ஆண்டாகி விடும்! அப்படித்தான் காடாறு மாதம், நாடாறு மாதம் என்ற ஏற்பாடு பிறந்தது.

வெளியூரில் வேலை பார்க்கிற தமிழனுக்கு இந்தச் சொல் புதிதல்ல. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் போய் வருகிறவனைப் பார்த்து, “உனக்கென்னப்பா, காடாறு மாதம் நாடாறு மாதம்” என்று ஊரில் கேலி பேசுவது உண்டு. இதில் எது காடு, எது நாடு என்பதுதான் சங்கடம். வந்த புதிதில் நஞ்சன்கூடு காடாக இருக்கிறது. பத்து வருஷம் கழித்து ஊருக்குப் போனால், தெருவில் பாதி முகம் தெரியாத முகமாக இருக்கிறது. பிள்ளைகள் “எப்போது வீட்டுக்குப் போகலாம்?” என்று கேட்கும்போது, அவர்கள் சொல்கிற வீடு நஞ்சன்கூட்டு வாடகை வீடு.

கதையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விக்கிரமாதித்தனின் சாகசங்களில் பெரும்பாலானவை காட்டில் திரிகிற ஆறு மாதத்தில்தான் நடக்கின்றன. அரண்மனையில் இருக்கும்போது அவனைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

போஜராஜன் அந்தச் சிம்மாசனத்தைக் கண்டெடுக்கிற இடமும் படித்து ரசிக்க வேண்டிய இடம். கொல்லைக்காரர் ஒருவர் பரண் மேல் இருக்கிறவரை, வழியே போகிற படை வீரர்களை வாருங்கள், வேண்டியதைப் பறித்துச் சாப்பிடுங்கள் என்று உபசரிக்கிறார். பரணை விட்டு இறங்கியதும் ஐயோ, என் பயிர் போச்சே என்று கூச்சல் போடுகிறார். மறுபடி ஏறினால் மறுபடி தர்மப்பிரபு! பரணுக்குக் கீழே மண்ணைத் தோண்டிப் பார்த்தால் முப்பத்திரண்டு பதுமைகளோடு சிம்மாசனம் புதைந்து கிடக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு குணம், இறங்கினால் வேறு குணம் என்கிற இந்த விஷயம் ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு மாயமாகவே தோன்றாது. என்ன, ஆபீசில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

மதனகாமராஜன் கதையும் இதே வரிசையில் வருவது. பன்னிரண்டு கதைகள். 1886-ல் நடேச சாஸ்திரி இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, திராவிட இரவுக் கதைகள் என்று பொருள்படும்படி பெயர் வைத்தார். விறுவிறுப்பு இருக்கிறது. ஆனால் பெண்களைப் பற்றி அதில் சில இடங்களில் எழுதியிருப்பது ஒப்புக்கொள்ளத் தக்கதல்ல. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறவர்கள் முன்னதாகத் தாங்கள் ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

ஒரே படம், இரண்டு எழுத்து

நஞ்சன்கூட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு மிகவும் நெருக்கமான விஷயம் அம்புலிமாமா. சக்கரபாணியும் நாகிரெட்டியும் சென்னையிலிருந்து 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. அடுத்த ஆண்டு கன்னடத்தில் ‘சந்தமாமா’ வந்தது. கதையும் ஒன்றே, படமும் ஒன்றே. எழுத்து மட்டும் வேறு. உருவிய வாளும் தோளில் பிணமுமாக நடக்கும் ராஜாவின் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல் காலமானார். பத்திரிகைக்கு மகாபாரத அட்டைப் படங்களைத் தீட்டியவர் எம்.டி.வி. ஆச்சார்யா, கன்னட நாட்டு ஓவியர்.

மாயத் தொடர் நாவல்களைத் தெலுங்கில் எழுதித் தந்தவர் தாசரி சுப்பிரமணியம். பல வருஷங்கள் தொடர்ந்து எழுதினார். மந்திரவாதி, பாதாளம், எரிமலைத் தீவு என்று மாதா மாதம் பிள்ளைகளைக் காத்திருக்க வைத்த மனிதரின் பெயர் கதைகளோடு அச்சாகவில்லை என்பதால், அவரை அறிந்தவர்கள் குறைவு. 2010-ல் அவர் மறைந்தார். அம்புலிமாமாவும் அதற்குப் பிறகு அதிக நாள் வரவில்லை.

வேதாளக் கதைகள் மூலத்தில் இருபத்தைந்துதான். அவை தீர்ந்த பின்பும் பத்திரிகை விடவில்லை. புதுப் புதுக் கதைகளை எழுதி வேதாளத்தின் வாயில் வைத்தார்கள். ஒவ்வொரு கதை முடிவிலும் ஒரு கேள்வி. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்கு நூறாகும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். வாயைத் திறந்தாலும் ஆபத்து, மூடினாலும் ஆபத்து. மேலதிகாரியிடம் கை கட்டி நின்றவர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்கத் தேவையில்லை.

இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கன்னடம் படிக்கிறார்கள், இங்கிலீஷ் படிக்கிறார்கள். தமிழ் பேசுகிறார்கள், ஆனால் படிக்கத் தெரியாத பிள்ளைகள் பலர். அப்பா எழுதிய கடிதத்தையோ, பாட்டி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையோ அவர்களால் எழுத்துக் கூட்டவும் முடிவதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் ஒரே கதையின் கன்னடப் பிரதியையும் தமிழ்ப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல உபாயம். கன்னடத்தில் கதை முன்பே தெரிந்துவிட்ட பிள்ளைக்குத் தமிழ் எழுத்து பாதி பிடிபட்டு விடும். பழைய இதழ்கள் கிடைப்பது சுலபம் அல்ல. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாமல் வாங்கி வைக்க வேண்டியதுதான்.

கங்க மன்னன் கொடுத்த கதை

வேதாளக் கதை பிறந்த இடத்தைத் தேடிப் போனால் அது காஷ்மீரத்தில் போய் நிற்கிறது. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் அது இருக்கிறது. அதற்கும் மூலம் குணாட்டியர் பைசாச மொழியில் எழுதிய பிருகத்கதை. குணாட்டியரைப் பற்றியே ஒரு கதை உண்டு. தமது நூலை ராஜா ஏற்கவில்லை என்ற வேதனையில், காட்டில் தீ மூட்டி, ஒவ்வொரு ஏடாகப் படித்துப் படித்துத் தீயில் போட்டாராம். மிருகங்கள் இரையை மறந்து கண்ணீர் விட்டபடி கேட்டுக்கொண்டு நின்றனவாம். செய்தி அறிந்து ராஜா ஓடி வந்தபோது ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்ததாம்.

அந்த மூலநூல் இன்று கிடையாது. ஆனால் அதை வடமொழியில் ஆக்கியவர்களில் ஒருவர் கங்க மன்னர் துர்விநீதன் என்று செப்பேடுகள் கூறுகின்றன. கங்கர்களின் தலைநகரம் தலைக்காடு. நஞ்சன்கூட்டைத் தொட்டு ஓடுகிற கபிலா, திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. அங்கிருந்து ஆற்றோடு கீழே போனால் தலைக்காடு. துர்விநீதனின் நூலைத் தழுவியே கொங்குவேளிர் தமிழில் ‘பெருங்கதை’யைப் பாடினார் என்பது அறிஞர் பலரின் கருத்து. கொங்குவேளிரின் ஊர் ஈரோடு பக்கத்து விசயமங்கலம் என்பார்கள்.

ஆகவே, ஈரோட்டிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்களுக்கு முன்னால், இங்கிருந்து ஒரு கதை அங்கே பிழைக்கப் போயிருக்கிறது!

பெருங்கதையில் வரும் உதயணன் யாழ் வாசித்து மத யானையை அடக்குகிறவன். அவனைப் பிடிக்க உஞ்சை மன்னன் செய்த சூழ்ச்சியைப் பாருங்கள். யானை போல ஓர் எந்திரம் செய்து, உள்ளே வீரர்களை ஒளித்து வைத்துக் காட்டில் விட்டான். நிஜ யானை என்று நம்பி யாழோடு போன உதயணன் மாட்டிக்கொண்டான். உ.வே. சாமிநாதையர் 1924-ல் இந்த நூலை அச்சிட்டபோது முதலும் கிடைக்கவில்லை, முடிவும் கிடைக்கவில்லை. நடை கடினமானது, வேலை முடிந்து வந்த களைப்பில் மூலத்தைப் படிக்க முடியாது. உரைநடையில் கதைச் சுருக்கம் படித்தாலே அந்த எந்திர யானை கண்ணை விட்டுப் போகாது.

புலி பேசுகிறது

மாயத்துக்கு நஞ்சன்கூட்டிலும் குறைவில்லை. திப்பு சுல்தானின் யானைக்கு இந்தச் சுவாமி கண் நோய் தீர்த்தார், அதனால் ‘ஹக்கீம் நஞ்சுண்டா’ என்று சுல்தான் அழைத்தார் என்பது கோயில் வரலாறு. நஞ்சுண்டன் வீட்டு மனைவிக்குத் தெரியாமல் சாமுண்டி மலைத் தேவியிடம் காதல் கொண்டதையும், அதனால் வீட்டில் நடந்த ரகளையையும் நாட்டுப் பாடகர்கள் இரவெல்லாம் பாடுவது உண்டு. புலி மேல் வரும் மாதேஸ்வரனைத் தமிழ்நாட்டுப் பக்தர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

புலி என்றதும் ஆர்.கே. நாராயண் நினைவுக்கு வருகிறார். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழர். அவர் 1983-ல் எழுதிய ‘எ டைகர் ஃபார் மால்குடி’ நாவலில், கூண்டில் இருக்கும் கிழப் புலி தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறது. காட்டில் ராஜாவாக இருந்து, சர்க்கஸ்காரனிடம் அடிபட்டு, கடைசியில் ஒரு சாமியாரிடம் அடைக்கலமாகிறது. எளிய இங்கிலீஷ்தான். குமாஸ்தா வேலை பார்க்கிறவர்கள் தயங்காமல் எடுக்கலாம். மைசூர் யாதவகிரியில் அவர் கட்டிய வீட்டை 2016 முதல் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினீயராக இருந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் இந்த மாதத்துக் கணக்கில் சேர வேண்டியது. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021-ல். பிள்ளை பெறுவதற்கே அரசாங்க அனுமதி வேண்டும். அந்த ராஜ்யத்தில் காணாமற்போன கணவனை நிலா தேடுகிறாள். அவளுக்குத் துணை ஜீனோ என்ற பேசும் இயந்திர நாய். 2021 வந்து போய்விட்டது; ஜீனோ மாதிரி நாய் எந்த வீட்டிலும் குரைக்கவில்லை. ஆனாலும் புத்தகம் பழசாகவில்லை. எந்திர யானையில் ஆள் ஒளிந்திருந்தான். எந்திர நாயில் யாரும் இல்லை, அதுவே யோசிக்கிறது.

நஞ்சன்கூட்டிலிருந்து தெற்கே குண்டலுப்பேட்டை தாண்டினால் பந்திப்பூர் காடு. 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை அந்தச் சாலையில் பொது வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. ஊட்டி வழியாக ஊர் போகிறவர்கள் நேரம் தவறினால் இந்தப் பக்கத்திலேயே தங்க வேண்டியதுதான். அப்படித் தங்குகிற ராத்திரியில் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். கையில் புத்தகம் இருந்தால் சரி. இல்லாவிட்டாலும் வேதாளம் தோளில் ஏறின இடத்திலிருந்து தொடங்கலாம். பிள்ளை பாதிக் கேள்வியைக் கன்னடத்தில் கேட்கும். பதிலைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனால் அதுவும் சற்று நேரத்தில் தமிழுக்கு வந்துவிடும்.