பாப்பாத்தியம்மாள் கோயிலும் கிணறும்

நெகிரி செம்பிலானில் அம்பாங்கான் போன்ற இடங்களில், தோட்டங்களை விட்டு வந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவர் சிலர் கூடிப் புதிதாக ஒரு சபையைத் தொடங்க எண்ணினால், முதலில் எழும் பேச்சு பெரும்பாலும் மனையைப் பற்றியதாகவே இருக்கும். இடம் எங்கே, கட்டடம் எப்போது, பணத்துக்கு வழி என்ன என்று கேட்பார்கள். கேள்விகள் இயல்பானவையே. ஆயினும், தமிழகத்தின் தென்கோடியில் வேரூன்றிய ஒரு பழைய சபையின் வரலாற்றைப் பார்த்தால், அங்கே இக்கேள்விகள் கடைசியாகத்தான் வந்தன என்பது தெரியும். முதலில் வந்தவர் வேதப் புத்தகத்தைப் படித்துக் காட்டிய ஓர் எளிய மனிதர். அடுத்து வந்தவர், ஒருமுறை மறுக்கப்பட்டுத் திரும்பிய ஒரு கைம்பெண். அதன்பின் நாற்பது பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல். கோயில் எழுந்தது அதற்கும் பிறகு.

அந்தச் சபை பாளையங்கோட்டைச் சபை. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றைப் பேசுவோர் பலர், 1820-ஆம் ஆண்டில் ரேனியஸ் ஐயர் வந்து சேர்ந்த நாளிலிருந்தே கணக்கைத் தொடங்குவது வழக்கம். ரேனியஸின் பெருமையை எவரும் குறைத்துக் கூற முடியாது. ஆனால் அவர் நட்டது புதுக்கன்று அன்று. முன்பே தழைத்து, பிறகு நீரின்றி வாடி நின்ற மரத்துக்கே அவர் நீர் வார்த்தார். அம்மரத்தை நட்டவர் யார் என்று கேட்டால் ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பாளையங்கோட்டை அக்காலத்தில் ஒரு கோட்டை ஊர். படைவீரரும் அவர்களை அண்டிப் பிழைப்போரும் நிறைந்தது. தஞ்சை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் உழைத்துவந்த செருமானியராகிய சுவார்ட்சு ஐயர் (1726–1798) 1771-ஆம் ஆண்டில் எழுதிய குறிப்பு ஒன்றில், பாளையங்கோட்டையில் இருந்த சவரிமுத்து என்னும் கிறித்தவரைப் பற்றிச் சில வரிகள் உள்ளன. அவர் போதகர் அல்லர். சபைப் பட்டம் எதுவும் பெற்றவரும் அல்லர். தமக்குத் தெரிந்த வேதத்தை அயலாருக்குப் படித்துக் காட்டினார். கேட்க விரும்பியவர் கேட்டனர். அவ்வளவே. சங்கம் அனுப்பிய ஆளுமில்லை, கூரையுமில்லை, காணிக்கைப் பெட்டியுமில்லை.

இனிக் கிளாரிந்தாவைப் பற்றிப் பார்ப்போம். இவர் மராட்டியப் பிராமண குலத்தவர்; இவருடைய கணவர் தஞ்சை அரசரின் பணியில் இருந்தவர் என்பர். கணவரை இழந்தபின் லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்தார். கிறித்தவ சமயத்தை இவருக்கு முதலில் எடுத்துச் சொன்னவரும் அந்த அதிகாரியே. கிளாரிந்தா ஞானஸ்நானம் வேண்டிச் சுவார்ட்சு ஐயரிடம் சென்றார். திருமணமின்றி ஒருவரோடு வாழும் நிலையில் அது கூடாது என்று ஐயர் மறுத்துவிட்டார். ஐயரின் நெறி அதுவாக இருந்தது. ஆனால் அந்த மறுப்பில் வருந்தியவர் அதிகாரி அல்லர், அந்தப் பெண்மணிதான் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். லிட்டில்டன் இறந்தபின் அவர் மீண்டும் வேண்டினார். 1778-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்சு, அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கிளாரிந்தா என்று பெயரிட்டார்.

இங்கே ஆசிரியர்கள் ஒரு செய்தியில் விழிப்பாக இருத்தல் நலம். அ. மாதவையா 1915-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ‘கிளாரிந்தா’ என்னும் நாவலை எழுதினார். அது பின்னர்த் தமிழிலும் வந்தது. இன்று மேடைகளிலும் கட்டுரைகளிலும் வரலாறு போலச் சொல்லப்படும் பல காட்சிகள் அந்த நாவலின் வழி வந்தவை. நாவல் நல்ல நாவலே. ஆனால் நாவல் நாவல்தான். சபைப் பதிவேடும் சுவார்ட்சின் குறிப்புகளும் சொல்லுவது இவற்றைவிடச் சுருக்கமானது, சுருக்கமாயிருப்பதாலேயே நம்பத்தக்கது.

மறுக்கப்பட்டவர் ஏற்கப்பட்டபின் செய்தது என்ன? தம்மைப் போல் சிதறிக்கிடந்தவர்களை ஒன்றுகூட்டினார். 1780-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட சபைப் பட்டியலில் நாற்பது பெயர்கள் காணப்படுகின்றன. நாற்பது என்பதில் குழந்தைகளும் அடங்குவர். ஒரு சாதியாரின் கூட்டமாக அது இருக்கவில்லை. பல சாதியாரும் அதில் உண்டு. ஒரு தோட்டத்து லயத்தில் எட்டுப் பத்து வீடுகளில் இருப்போரின் தொகைதான் இது. பிற்காலத்தில் இலட்சக்கணக்கில் பெருகிய திருநெல்வேலித் திருச்சபையின் முதல் கணக்கு இந்த நாற்பதே.

அவர்கள் கூடுவதற்கு முதலில் இருந்தது ஓர் எளிய சிறு கூடம். பின்னர்க் கிளாரிந்தா தம் பொருளையும், கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் அளித்த உதவியையும் கொண்டு, நிலையான கோயில் ஒன்றைக் கட்டுவித்தார். 1785-ஆம் ஆண்டில் சுவார்ட்சு வந்து அதனைப் பிரதிட்டை செய்தார். ஞானஸ்நானத்துக்கும் கோயிலுக்கும் இடையே ஏழு ஆண்டுகள். அந்தக் கோயில் இன்றும் பாளையங்கோட்டையில் நிற்கிறது. கோயிலையடுத்து ஊராருக்குப் பயன்படும் வண்ணம் ஒரு கிணறும் வெட்டுவித்தார்.

ஊரார் இவ்விரண்டுக்கும் இட்ட பெயர்கள் கவனிக்கத்தக்கவை. பாப்பாத்தியம்மாள் கோயில், பாப்பாத்தியம்மாள் கிணறு. ஞானஸ்நானத்தில் பெற்ற பெயரை ஊர் வழங்கவில்லை. அவர் விட்டுவந்த குலத்தின் பெயராலேயே அவரை அழைத்தது. ‘சர்ச்சு’ என்னும் சொல்லும் அங்கே நுழையவில்லை. ‘கோயில்’ என்றே வழங்கியது. திருநெல்வேலிப் பக்கத்தில் இன்றும் சீர்திருத்தச் சபையாரின் ஆலயத்தை வேதக்கோயில் என்பது நாட்டு வழக்கு. புதிய ஒன்று ஊருக்குள் வரும்போது ஊர் அதனைத் தன் சொல்லால் அழைக்கத் தொடங்கினால், அதனை ஏற்றுக்கொண்டது என்று பொருள். தமிழாசிரியர் இதனை ஒரு சொல்லாராய்ச்சியாகவே வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

கிணற்றைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். தாமிரபரணிக் கரை நாட்டில் நீருக்குப் பஞ்சமில்லையே என்று தோன்றலாம். ஆனால் ஆறு ஓடுவது வேறு. வீட்டருகில் குடத்தை இறக்க ஒரு கிணறு கிடைப்பது வேறு. இன்னார்தாம் நீர் எடுக்கலாம், இன்னார் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த காலம் அது. கோயிலுக்குள் வருபவர் நாற்பது பேரே. கிணற்றுக்கோ, கோயிலுக்குள் அடியெடுத்து வைக்காதவரும் வரலாம். புதிய சபை ஒன்று தன்னைச் சுற்றியுள்ள ஊருக்குச் செய்யக்கூடிய தொண்டு இன்னது என்பதைக் கிளாரிந்தா எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியாது. அப்படியொரு முன்மாதிரி அவருக்கு அவ்வூரில் இருக்கவில்லை.

அச்சிறு சபை தமிழுக்குக் கொடுத்த கொடை ஒன்றும் உண்டு. அதன் உறுப்பினராகிய தேவசகாயம் என்பவருக்கு 1774-ஆம் ஆண்டில் பிறந்த மகனை, சுவார்ட்சு ஐயர் 1785-இல் தம்மோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்று படிக்கவைத்தார். அச்சிறுவனே ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியார். குறவஞ்சி என்னும் பழைய இலக்கிய வகைக்குள் புதிய பொருளை வைத்த இவரைத் தமிழ் இலக்கிய வரலாறு மறப்பதில்லை. ஆனால் முழுமை கருதி மற்றொன்றையும் கூறத்தான் வேண்டும். பல சாதியாரும் சேர்ந்த சபையிலிருந்து வந்த இவரே, பிற்காலத்தில் தஞ்சையில் புதிய மிஷனரிகள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முற்பட்டபோது, அவர்களை எதிர்த்து வாதாடினார். பாளையங்கோட்டைப் பட்டியலில் பல சாதியார் பெயர்கள் அடுத்தடுத்து இருந்தமை, வேற்றுமை மறைந்துவிட்டதற்குச் சான்று ஆகாது.

கோயில் எழுந்தது, அதனைத் தாங்க ஆள் வேண்டுமே. சத்தியநாதன் என்பவர் உபதேசியாராக வந்தார். 1790-ஆம் ஆண்டில் தஞ்சையில் குருப்பட்டம் பெற்று, பாளையங்கோட்டைக்குத் தமிழ்ப் போதகராகவே திரும்பினார். உபதேசியார் என்ற சொல்லை இன்று பலர் வெறும் பிரசங்கி என்று கருதிவிடுகின்றனர். அது சரியன்று. எழுத்துக் கற்றுக் கொடுப்பவரும், நோயாளியைப் பார்க்கச் செல்பவரும், சண்டையைத் தீர்ப்பவரும், அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதுபவரும் ஒருவராகவே இருந்த காலத்தில் அவருக்கு வழங்கிய பெயர் அது. வாத்தியார், உபதேசியார் என்னும் இரண்டு சொற்களும் தென்பாண்டிச் சிற்றூர்களில் பெரும்பாலும் ஒரே ஆளைக் குறித்தன.

சபை நாட்டுப்புறத்துக்குப் பரவியபோதுதான் நிலம் என்னும் சிக்கல் எழுந்தது. சாத்தான்குளத்துக்கு அருகிலுள்ள பகுதியைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் தம் உறவினரிடையே உழைத்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர். அவர்கள் எழுப்பிய செபக்கூடம் இடித்துத் தள்ளப்பட்டது. இனி அங்கே இருக்க முடியாது என்ற நிலையில், எவரெட் என்னும் ஆங்கிலத் தளபதியின் பொருளுதவியால் வேறோரிடத்தில் நிலம் வாங்கி 1799-ஆம் ஆண்டில் ஓர் ஊரையே உண்டாக்கினார்கள். அதற்கு முதலூர் என்று பெயர். பெயர் வைத்தவர்களுக்கு இது கடைசி அன்று என்ற நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அவ்வாறே பிற்பாடு பல ஊர்கள் எழுந்தன. 1830-ஆம் ஆண்டில் ரேனியஸ் தருமசங்கம் என்ற ஒன்றை அமைத்தார். வீடு வாசல் இழந்த புதுக்கிறித்தவருக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் நோக்கம். பணம் சேர்த்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ச் சபையாரே.

இந்த அடைக்கல ஊர்கள் உயிரைக் காத்தன என்பதில் ஐயமில்லை. எனினும் பாப்பாத்தியம்மாள் கிணற்றின் போக்கு ஒன்று, முதலூரின் போக்கு மற்றொன்று. முன்னது ஊர் நடுவே இருந்து எல்லோருக்கும் நீர் கொடுத்தது. பின்னது ஊரை விட்டு விலகித் தனக்கென வேலி கட்டிக்கொண்டது. வேலி கட்டியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கூடத்தை இடித்தவர்கள்தாம் அதற்குக் காரணம். ஆனால் இடிப்பார் இல்லாத இடத்திலும் வேலி கட்டும் பழக்கம் சில சபைகளுக்குத் தொடர்ந்து வந்துவிட்டது.

சுவார்ட்சு 1798-இல் மறைந்தார். தொடர்ந்து வந்த மிஷனரிகளும் சில ஆண்டுகளில் மறைந்தனர். பின் நெடுங்காலம் திருநெல்வேலியில் நிலைத்திருந்து பார்க்க ஐரோப்பியர் எவருமில்லை, பொருளுதவியும் சுருங்கியது. 1816-ஆம் ஆண்டில் படைச் சமயகுருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹவ், சபை அழிந்திருக்கும் என்றே எண்ணியிருக்கலாம். அவர் கண்டதோ, பல ஊர்களில் பரவிக் கிடந்த ஏறத்தாழ 3,000 கிறித்தவர்களை. அவர்களைத் தாங்கி நின்றவர்கள் தமிழ்ப் போதகர் ஓரிருவரும் உபதேசியார்களுமே. ஹவ் பள்ளிகளைத் தொடங்கினார்; ஆள் அனுப்பும்படி எழுதினார். அதன் விளைவாகவே ரேனியஸ் வந்தார். வந்தவர் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் பல்லாண்டு தமிழ் கற்றார். 1832-இல் ‘பூமி சாஸ்திரம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு நிலநூலைத் தமிழிலேயே சொல்ல முடியும் என்று காட்டிய முன்னோடி நூல் அது.

மலாயாவுக்கு வந்த தமிழ்க் கிறித்தவரும் இதே முறையில்தான் தொடங்கினார்கள். கோலாலம்பூரில் தமிழ் லுத்தரன் சபையார் 1907-ஆம் ஆண்டில் ஒன்றுகூடினர். தமிழகத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். மிஷனரி அழைத்து வந்தவர்கள் அல்லர். பிரிக்பீல்ட்சில் அவர்களுடைய சீயோன் ஆலயம் எழுந்தது 1924-இல். இடையே பதினேழு ஆண்டுகள்.

தோட்டங்களிலோ நிலைமை இன்னும் கடினம். நிலம் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம். துரையின் அனுமதியின்றி ஒரு கீற்றுக் கொட்டகைகூட எழுப்ப முடியாது. பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்தச் செய்யும் அதிகாரத்தை 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் அரசுக்குக் கொடுத்தது. அவ்வாறு வந்த பள்ளி அறையோ, லயத்தில் ஒரு வீட்டுத் திண்ணையோதான் செபக்கூடமும் ஆயிற்று. நகரத்திலிருந்து போதகர் வந்தால் ஆராதனை; வராத ஞாயிறுகளில் எழுத்தறிந்த ஒருவர், வாத்தியாரோ கிராணியோ, வேதம் வாசித்தார். சாவு வீட்டில் முதலில் போய் நின்றவரும், ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவரும் அவரே. கடிதம் எழுதும்போது எழுதுவிப்பவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று கேட்கும் வழக்கம் இருக்கவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், விற்கப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும் மக்கள் கலைந்தார்கள். சிரம்பானைச் சுற்றிக் குவாலா பிலா சாலையோரம் அம்பாங்கான், பாரோய் என்று குடியிருப்புகள் பெருகியது இக்காலத்தில்தான். கட்டடமில்லாத சபை கலைந்தால் அதன் சுவடு எதில் நிற்கும்? பாளையங்கோட்டையில் 1780-ஆம் ஆண்டில் ஒருவர் உட்கார்ந்து நாற்பது பெயர்களை எழுதிவைத்தார். அதனால்தான் கிளாரிந்தா வெறுங்கதையாகிவிடாமல், அவரோடு கூடியிருந்தவர்களும் மறைந்துபோகாமல் இருக்கின்றனர். தோட்டத்துச் செபக்கூடங்களில் ஞானஸ்நானம் பெற்றவர், மணம் செய்துகொண்டவர், அடக்கம் செய்யப்பட்டவர் பெயர்கள் நகரத்துச் சபைகளின் பதிவேடுகளிலும், முதியோரின் நினைவிலும், குடும்ப வேதப் புத்தகங்களின் முதல் ஏட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. ஞாயிறுதோறும் வேதம் வாசித்த வாத்தியாரின் பெயருக்கு அவற்றில் தனிப் பத்தி கிடையாது. சவரிமுத்துவுக்காவது சுவார்ட்சின் குறிப்பில் சில வரிகள் கிடைத்தன.