எழுபது மீற்றர் தூரத்தில் ஒரு மஞ்சள் வட்டம்

2024 ஜூலை 25ஆம் திகதி. பரிஸ் ஒலிம்பிக் விழாவின் ஆரம்ப வைபவம் நடப்பதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. நெப்போலியனின் கல்லறை அமைந்துள்ள லெஸ் இன்வலிட்ஸ் மாளிகையின் முன்னாலுள்ள புல்வெளியில் அன்று 64 பெண்கள் ஆளுக்கு 72 அம்புகள் எய்தார்கள். ஓர் அம்புக்கு ஆகக்கூடியது 10 புள்ளிகள்; எனவே மொத்தம் 720. தென்கொரியாவின் லிம் சிஹியோன் 694 புள்ளிகள் பெற்று உலக சாதனை படைத்தார். எழுபத்திரண்டு அம்புகளிலும் சேர்த்து அவர் இழந்தது வெறும் 26 புள்ளிகளே.

அதே நாளில் ஆண்கள் 64 பேரும் எய்தார்கள். அவர்களில் முதலிடம் பெற்ற கிம் வூஜின் எடுத்தது 686. அதாவது, அன்று அந்த மைதானத்தில் வில்லேந்திய ஆண், பெண் அனைவரிலும் அதிக புள்ளி பெற்றவர் ஒரு பெண்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஒலிம்பிக் வில்வித்தையில் இரு பாலாருக்கும் தூரம் ஒன்று, இலக்குப் பலகையும் ஒன்று. குண்டெறிதலில் பெண்களுக்கு நிறை குறைந்த குண்டு கொடுக்கிறார்கள். தடை தாண்டலில் தடையின் உயரத்தைக் குறைக்கிறார்கள். இங்கே அப்படி எந்தச் சலுகையும் இல்லை. ஒரேயொரு வேறுபாடு, பெண்கள் பெரும்பாலும் இழுவிசை குறைந்த வில்லைப் பாவிக்கிறார்கள் என்பதுதான். ஆனால் அது அவர்களுக்கு உதவி செய்வதில்லை. விசை குறைந்தால் அம்பு மெதுவாகப் போகும். மெதுவாகப் போகும் அம்பைக் காற்று அதிக நேரம் அலைக்கழிக்கும். அப்படிப் பார்த்தால் அந்த 694இன் பெறுமதி இன்னும் கூடுகிறது.

இலக்குப் பலகை 122 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டம். வெளியிலிருந்து உள்நோக்கி வெள்ளை, கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என ஐந்து நிறங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு வளையங்கள். நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்ரிமீற்றர். ஒரு சிறிய தேநீர்ப் பீரிசளவு என்று வைத்துக்கொள்ளலாம். வில்லாளி நிற்பது அதிலிருந்து 70 மீற்றர் தள்ளி.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் தோழியர் இந்த இடத்தில் பேனாவை எடுக்கலாம். அம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 60 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது என்று கொள்வோம். 70 மீற்றரைக் கடக்க அதற்குச் சுமார் 1.2 செக்கன் எடுக்கும். வளித்தடையை விட்டுவிட்டுக் கணித்தாலும், அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதை 7 மீற்றர் கீழே இழுத்துவிடும். கிடையாகப் பிடித்து எய்தால் அம்பு பலகையைச் சென்றடையவே மாட்டாது, தரையில் குத்தி நிற்கும். ஆகவே எல்லோரும் ஆறு பாகைக்குக் கிட்டிய கோணத்தில் மேல்நோக்கியே எய்கிறார்கள். வில்லில் பொருத்தியுள்ள குறிகாட்டியை அதற்கேற்பத் தாழ்த்தி வைத்துக்கொள்வதால், கண் மட்டும் நேரே மஞ்சள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அம்பின் நீளம் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர். இலக்கு அதைப்போல நூறு மடங்கு தூரத்தில் இருக்கிறது. வடிவொத்த முக்கோணிகளின்படி, அம்பின் முனை கையருகில் ஒரு மில்லிமீற்றர் விலகினால் பலகையில் அது பத்து சென்ரிமீற்றர் விலகும். பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரையோ 6.1 சென்ரிமீற்றர். ஆகவே கையில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் பத்து ஒன்பதாகிவிடும். மூச்சு விடும்போது நமது தோள் இதைவிட அதிகமாக அசைகிறது!

இதனால்தான் வில்லாளிகள் ஒவ்வொரு தடவையும் எந்திரம்போல ஒரே மாதிரி நிற்கிறார்கள். நாணை இழுத்து நாடியில் பதிக்கிறார்கள்; நாண் மூக்கு நுனியிலும் உதட்டிலும் அதே இடத்தைத் தொட வேண்டும். இழுவை சரியான அளவை எட்டியதும் வில்லிலுள்ள மெல்லிய தகடு ஒன்று 'கிளிக்' என ஒலிக்கும். அந்தத் தகட்டுக்குப் பெயரே கிளிக்கர்தான். ஒலி கேட்டதும் விரல்கள் நாணை விடும். சுமார் 18 கிலோ நிறையைத் தூக்குவதற்குச் சமமான விசை ஒவ்வோர் இழுவைக்கும் தேவைப்படுகிறது. ஒரு நாள் பயிற்சியில் 200 அம்பு எய்தால் மொத்தம் 3600 கிலோ! தொலைக்காட்சியில் பார்க்கும்போது அவர்கள் சும்மா நிற்பதுபோலத்தான் தெரியும்.

72 அம்புகளின் புள்ளி யார் யாரோடு மோதுவது என்பதைத் தீர்மானிக்க மட்டுமே. அதன் பிறகு வருவது ஒருவருக்கு ஒருவர் மோதும் சுற்றுகள். தோற்றவர் வீடு திரும்ப வேண்டும். ஒரு செட்டுக்கு மூன்று அம்புகள். இருவரும் மாறி மாறி எய்வார்கள். ஓர் அம்புக்கு 20 செக்கன். செட்டில் வென்றால் 2 புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு 1. முதலில் ஆறு புள்ளியை எட்டுபவர் வெற்றியாளர். ஐந்து செட் முடிந்தும் 5-5 என நின்றால் ஆளுக்கு ஓர் அம்பு. மையத்துக்கு எவருடைய அம்பு கிட்ட உள்ளதோ அவர் வென்றார். இந்த முறை தனிநபர் போட்டியில் 2012 லண்டன் விழாவில்தான் முதலில் பாவிக்கப்பட்டது. அதன் முதலாவது பெண்கள் இறுதிப் போட்டியே அந்த ஓர் அம்புக்குப் போனது. கொரியாவின் கி போபேயும் மெக்சிகோவின் ஐடா ரோமனும் இருவருமே பதற்றத்தில் எட்டில்தான் குத்தினார்கள். கி போபேயின் அம்பு சற்றுக் கிட்ட இருந்ததால் தங்கம் அவருக்கு. உலகின் மிகச் சிறந்த இருவருக்கும் அந்தக் கணத்தில் கை நடுங்கியிருக்கிறது. பரீட்சை மண்டபத்தில் பேனா பிடிக்க முடியாமல் தவித்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

பரிஸில் ஆண்கள் இறுதிப் போட்டியும் அவ்வாறே முடிந்தது. கிம் வூஜினும் அமெரிக்காவின் பிரடி எலிசனும் இருவருமே பத்து எடுத்தார்கள். கிம்மின் அம்பு 4.9 மில்லிமீற்றர் கிட்ட இருந்தது.

இனி, நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு கதை. இந்தோனேசியா 1952 முதல் ஒலிம்பிக்கில் பங்குபற்றி வந்தும் முப்பத்தாறு ஆண்டுகளாக ஒரு பதக்கம்கூடப் பெறவில்லை. 1988இல் சியோல் விழாவில் பெண்களுக்கான குழு வில்வித்தை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. லீலிஸ் ஹந்தயானி, நூர்ஃபித்ரியானா சைமன், குசுமா வர்தானி என்ற மூவரை இந்தோனேசியா அனுப்பியது. அவர்களைப் பயிற்றுவித்தவர் டொனால்ட் பண்டியங்கன். 1976 மொன்றியல் விழாவில் தானே வில்லேந்தியவர். 1980 மொஸ்கோ விழாவைத் தன் நாடு புறக்கணித்ததால் அங்கே போகக் கிடைக்காதவர். தனக்குத் தவறிப்போனதை மாணவிகளிடம் கண்டிப்புடன் எதிர்பார்த்த ஆசிரியர் என்று ஊகிக்கலாம்.

அக்காலத்தில் செட் முறை இல்லை, மொத்தப் புள்ளிதான். கொரியா முதலிடத்தைப் பிடித்துவிட்டது. இரண்டாமிடத்தில் இந்தோனேசியாவும் ஐக்கிய அமெரிக்காவும் 952 என்று சமமாக நின்றன. மேலதிக அம்புகள் எய்ய வைத்தார்கள். இந்தோனேசியா 72, அமெரிக்கா 67. ஒரு பெரிய நாட்டின் முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தை மூன்று பெண்கள் கொண்டுவந்தார்கள். அவர்களை இன்றும் அங்கே 'மூன்று ஸ்ரீகண்டிகள்' என்கிறார்கள். மகாபாரதத்தில் வரும் சிகண்டிதான் ஜாவாவின் நிழற்கூத்தில் ஸ்ரீகண்டி என்னும் வில்லேந்திய வீரப் பெண்ணாக மாறியிருக்கிறாள். அவர்கள் கதை 2016இல் திரைப்படமாகவும் வந்தது.

அவர்களுக்குப் பின்வந்த தலைமுறையில் தியானந்தா கொய்ருன்னிஸா ஹிஜாப் அணிந்தே போட்டியிடுபவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் தனிநபர் வெள்ளிப் பதக்கம் வென்றார். முந்தானை நாணில் சிக்காதா என்று என் உம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நாடியிலும் மார்பிலும் துணி தொய்யாமல் இறுக்கமாகக் கட்டி, மேலே மார்புக் காப்பை அணிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. தலைமுடி நீண்ட எல்லா வீராங்கனையருக்கும் இதே கவலை உண்டு.

ஈரானின் ஸஹ்ரா நெமாத்தியை இங்கே விட்டுவிட முடியாது. டைக்வொண்டோ வீராங்கனையாக இருந்தவர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தார். பிறகு வில்லை எடுத்தார். 2012 லண்டன் பராலிம்பிக்கில் அவர் வென்ற தங்கம், ஒலிம்பிக்கிலோ பராலிம்பிக்கிலோ ஓர் ஈரானியப் பெண் பெற்ற முதலாவது தங்கமாகும். 2016இல் ரியோ ஒலிம்பிக் ஆரம்ப வைபவத்தில் தன் நாட்டின் கொடியை ஏந்தி வந்தவரும் அவரே. அந்த ஆண்டு ஒலிம்பிக், பராலிம்பிக் இரண்டிலும் போட்டியிட்டார். ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே தோற்றார். பராலிம்பிக்கில் மீண்டும் தங்கம். டோக்கியோவில் மூன்றாவதும் கிடைத்தது. நடக்கக் கூடியவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் ஒரே கோட்டில், ஒரே விதியின்கீழ் போட்டியிடக்கூடிய விளையாட்டுகள் எத்தனை இருக்கின்றன? வயதும் இங்கே பெரிய தடையில்லை. 1908 லண்டன் விழாவில் தங்கம் வென்ற குயீனி நியூவோலுக்கு அப்போது 53 வயது. மறுபக்கத்தில், 1984இல் வென்ற சியோ ஹியாங்சூனும் 1988இல் வென்ற கிம் சூநியோங்கும் பதினேழு வயதினர். என் வயதுதான்!

அந்த இருவரும் கொரியர்கள் என்பது தற்செயலல்ல. 1988இல் குழுப்போட்டி தொடங்கியது முதல் 2024 வரை நடந்த பத்து விழாக்களிலும் பெண்கள் குழுத் தங்கம் கொரியாவுக்கே சென்றிருக்கிறது. பரிஸில் அது கைநழுவிப் போகப் பார்த்தது. சீனாவுடனான இறுதிப் போட்டியில் 4-0 என முன்னிலையில் இருந்தவர்கள் அடுத்த இரு செட்களையும் இழந்து 4-4 ஆனார்கள். கடைசி மூன்று அம்புகளில் 29-27.

கொரியர்கள் சிறுவயது முதல் மெல்லிய உலோகக் குச்சிகளால் உண்பதால் அவர்களின் விரல்கள் நுட்பமானவை என்று சிலர் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. குச்சியால் உண்பவர்கள் சீனாவிலும் ஜப்பானிலும் கோடிக்கணக்கில் இருக்கிறார்களே. காரணம் அவர்களின் தெரிவு முறையில் இருக்கிறது. அங்கே ஒலிம்பிக் குழுவுக்கான தெரிவு பல கட்டங்களாக, மாதக்கணக்கில் நடக்கும். எல்லோரும் எய்ய வேண்டும், புள்ளிதான் பேசும். நேற்று வென்ற பதக்கத்துக்கு அங்கே மேலதிகப் புள்ளி கிடையாது. நமது இஸட் புள்ளியில்கூட மாவட்டத்தைப் பார்க்கிறார்கள். அவர்கள் எதையுமே பார்ப்பதில்லை.

ஆன் சான் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் இருபது வயதில் கலப்புக் குழு, பெண்கள் குழு, தனிநபர் என்று மூன்று தங்கங்களை ஒரே விழாவில் வென்றவர். வென்றுகொண்டிருக்கும்போதே, அவர் முடியைக் குட்டையாக வெட்டியிருந்ததற்காக இணையத்தில் ஒரு கூட்டம் அவரை ஏசிக்கொண்டிருந்தது. அவர் பதில் சொல்லவில்லை. தனிநபர் இறுதிப் போட்டியின் கடைசி ஓர் அம்பில் பத்து எடுத்தார். அப்படிப்பட்டவர் மூன்று ஆண்டுகளின் பின் பரிஸ் குழுவில் இல்லை. தெரிவுப் போட்டியில் புள்ளி போதவில்லை, அவ்வளவுதான். அவருடைய இடத்துக்கு வந்த லிம் சிஹியோன், ஜியோன் ஹுன்யோங், நாம் சுஹியோன் மூவருக்கும் அதுவே முதலாவது ஒலிம்பிக். ஜின்சியோனிலுள்ள தேசியப் பயிற்சி நிலையத்தில் பரிஸ் மைதானத்தைப் போலவே ஓர் அரங்கை அமைத்து அவர்களைப் பழக்கினார்கள். புகழ்பெற்ற மூத்தவர் ஒருவரை வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று வேறு நாடு நினைத்திருக்கும். லிம் அந்த விழாவில் மூன்று தங்கங்களுடன் திரும்பினார்.

இவ்வளவு நேரமும் பேசியது ரிகேர்வ் எனப்படும் வில்லைப் பற்றி. கப்பிகள் பூட்டிய கொம்பவுண்ட் வில் என்று இன்னொன்று உண்டு. நாணை முழுதாக இழுத்துவிட்டால் கப்பி பாரத்தில் பெரும்பகுதியைத் தான் ஏற்றுக்கொள்ளும். கைகள் இரண்டும் இல்லாமல் பிறந்த காஷ்மீரத்துப் பெண் ஷீத்தல் தேவி, காலால் வில்லைத் தாங்கி, தோளால் நாணை இழுத்து, பதினேழு வயதில் பரிஸ் பராலிம்பிக் கலப்புக் குழுவில் வெண்கலம் வென்றது இந்த வில்லால்தான். ஒலிம்பிக்கில் இதுவரை அதற்கு இடமிருக்கவில்லை. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் விழாவில் கொம்பவுண்ட் கலப்புக் குழுப் போட்டி முதன்முறையாக நடக்கவிருக்கிறது. அப்போது தொலைக்காட்சியில் பலகையைக் காட்டும்வரை காத்திராமல், அம்பு போகுமுன் வில்லாளியின் விரல்களைப் பாருங்கள். நாண் சத்தமில்லாமல் வழுகிப் போனால் அனேகமாக அது மஞ்சளில்தான் போய்க் குத்தும்.