செக்ஸ்டன்ட்டின் சுழிப்பிழை

ஒன்பதாம் வகுப்பில் வெர்னியர் அளவியைக் கொடுத்ததும் முதலில் சுழிப்பிழையைப் பார்க்கச் சொல்கிறோம். "பார்க்காவிட்டால் என்ன?" என்று கேட்கும் மாணவருக்குக் கடலிலிருந்து ஒரு பதில் உண்டு. தொடுவானத்துக்கு மேல் சூரியனோ விண்மீனோ நிற்கும் கோணத்தை அளந்து கப்பலின் இடத்தைக் கணிக்க உதவும் கருவி செக்ஸ்டன்ட். அந்த அளவீட்டில் 1 நிமிடம் பிழைத்தால் (இது கால அளவன்று, பாகையின் 60இல் ஒரு பங்கு) கணிப்பு 1 கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் தள்ளிப்போகும்.

கருவியில் இரண்டு சமதள ஆடிகள் உள்ளன. ஒன்று நகரும் கையோடு திரும்பும். மற்றொன்று சட்டத்தில் நிலையாக நிற்கும். ஆடி 1 பாகை திரும்பினால் எதிரொளிப்புக் கதிர் 2 பாகை திரும்பும். அதனால்தான் 60 பாகை வில்லில் 120 பாகை வரை குறிக்க முடிகிறது. ஆடியின் சிறு பிசகும் அப்படியே இரட்டிக்கும் என்பது இதன் மறுபக்கம்.

சோதிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கையை வில்லின் நடுவில் நிறுத்தி, நகரும் ஆடிக்குள் பார்க்க வேண்டும். நேரில் தெரியும் வில்லும் ஆடியில் தெரியும் வில்லும் முறியாத ஒரே வளைவாகத் தெரிந்தால் ஆடி சட்டத்துக்குச் செங்குத்தாக உள்ளது. முறிந்து தெரிந்தால் ஆடியின் பின்புறத் திருகால் சரிசெய்ய வேண்டும். அடுத்து, கையைச் சுழியில் வைத்து ஒரு விண்மீனைப் பார்த்தபடி நுண்திருகைச் சுழற்ற வேண்டும். எதிரொளித்த பிம்பம் நேர்ப் பிம்பத்தின் மேலேயே ஏறி இறங்காமல் பக்கவாட்டில் விலகிச் சென்றால், நிலையான ஆடி சாய்ந்திருக்கிறது.

மூன்றாவதுதான் நம் சுழிப்பிழை. இது ஓரிரு நிமிடம் என்றால் மாலுமிகள் திருகைத் தொடுவதில்லை. அடிக்கடி திருகினால் மரை தேயும். அதைத் திருத்தப் போய் பக்கச் சாய்வும் மாறிவிடும். அளந்து குறித்துக்கொண்டு கணக்கில் கழிப்பதே மேல்.

அளக்கும் முறை அழகானது. கருவியின் கருங்கண்ணாடிகளை இரு ஆடிகளுக்கும் கட்டாயம் இட்டு (வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது) சூரியனின் இரு பிம்பங்களும் விளிம்போடு விளிம்பு தொடும்படி, மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் வைக்க வேண்டும். சுழிக்கு உள்ளே 33.2 நிமிடம், வெளியே 30.8 நிமிடம் வருகிறது என்போம். வேறுபாட்டில் பாதியான 1.2 நிமிடம் சுழிப்பிழை. உள்ளே உள்ள அளவு கூடுதல் என்பதால் ஒவ்வோர் அளவீட்டிலும் இதைக் கழிக்க வேண்டும்.

இரண்டையும் கூட்டி 4ஆல் வகுத்தால் 16.0 நிமிடம். இது சூரியனின் கோண ஆரம். ஏப்ரல் தொடக்கத்தில் பஞ்சாங்க அட்டவணையிலும் இதே எண்தான் இருக்கும்; மாறி வந்தால் அளந்தவர் மறுபடி அளக்க வேண்டும். பூமி சூரியனுக்கு அருகில் வரும் ஜனவரியில் அந்த எண் 16.3, தொலைவில் இருக்கும் ஜூலையில் 15.7.