பொக்லைனின் ‘இதயம்’ எப்படித் துடிக்கிறது? ஹைட்ராலிக் பம்ப்புக்குள் எண்ணெயில் மிதக்கும் பிஸ்டன்கள்!

சாலையோரம் பொக்லைன் மண் அள்ளினால், இரண்டு நிமிடம் நின்று பார்க்காமல் நகர முடியாதவர்கள் நம்மில் பலர். அந்த இரும்புக் கைக்கு பலம் இன்ஜினிலிருந்து வருகிறது என்று நினைப்போம். பாதிதான் சரி. இன்ஜின் சுற்றுவது ஒரு ஹைட்ராலிக் பம்ப்பை. அது அழுத்தத்தோடு தள்ளும் எண்ணெய்தான் கையை மடக்குகிறது, நீட்டுகிறது. (கோவை பம்ப்செட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது வேறு ரகம்.)

உள்ளே என்ன இருக்கு?

பெரிய பொக்லைன்களில் இருப்பது பெரும்பாலும் ஆக்ஸியல் பிஸ்டன் பம்ப். ரிவால்வரில் குண்டு போடும் உருளையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதேபோன்ற ஓர் உருளை, அதில் வட்டமாக 9 துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன். உருளை சுற்றும்போது பிஸ்டன்களின் கால்பகுதி, சாய்வாக நிற்கும் ‘ஸ்வாஷ் பிளேட்’ என்ற தட்டின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். தட்டு சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை வெளியே வந்து எண்ணெயை உறிஞ்சும். ஒருமுறை உள்ளே போய் அதைத் தள்ளும்.

அதென்ன 9? ஒற்றைப்படையில் பிஸ்டன்கள் இருந்தால் எண்ணெய் ஓட்டத்தில் ஏற்ற இறக்கம் குறையும். அதிர்வும் குறையும்.

ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் ஒரு டன்!

கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் 2 பார் சொச்சம். இங்கே 350 பார் வரை போகும். 20 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன், அதாவது கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் அளவு, ஒரு டன்னுக்கு மேல் சுமையைத் தாங்க வேண்டும். அதுவும் நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில். அப்படியானால் வினாடிக்கு 33 முறை!

இவ்வளவு சுமையோடு உலோகமும் உலோகமும் உரசினால் பம்ப் சீக்கிரமே காலி. அதனால் வடிவமைப்பாளர்கள் செய்தது கொஞ்சம் குறும்பான வேலை. பிஸ்டனின் நடுவே மெல்லிய துளை போட்டு, அதே அழுத்த எண்ணெயை ‘ஸ்லிப்பர்’ எனும் அதன் காலணிக்கு அடியில் விட்டார்கள். மேலிருந்து அழுத்தும் எண்ணெயே கீழிருந்தும் தூக்கிப் பிடிக்கிறது. காலணி தட்டைத் தொடாமல், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது.

இதில்தான் சிக்கலே. முழுசாகத் தூக்கிவிட்டால் காலணி சாய்ந்து எண்ணெய் ஒழுகும். குறைவாகத் தூக்கினால் உரசும். எனவே சுமையின் பெரும்பகுதியை மட்டும் தாங்கி, மிச்சத்தைக் காலணி தட்டோடு ஒட்டியே இருக்க விட்டுவைக்கிறார்கள். தவறி உரசினாலும் இரண்டும் கவ்விக்கொள்ளாமல் இருக்க, ஒரு பக்கம் கடினமாக்கிய எஃகு, மறுபக்கம் வெண்கலம் போன்ற மென்மையான உலோகம்.

பிஸ்டனுக்கும் துளைக்கும் உள்ள இடைவெளியும் சில பத்து மைக்ரான்களைத் தாண்டாது. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். இன்னும் இறுக்கமாகச் செய்தால் ஒழுகாதே என்று தோன்றலாம். ஆனால் சூட்டில் உலோகம் விரிந்து பிஸ்டன் இறுகிவிடும்.

மதியம் சோர்ந்துபோகும் வண்டி

இந்தப் படலத்துக்கு முதல் எதிரி தூசு. கண்ணுக்கே தெரியாத 10, 20 மைக்ரான் துகள் சரியாக இந்த இடைவெளியில் நுழைந்து கீறல் போடும். எண்ணெய் ஊற்றும்போது துடைக்காத ஒரு புனல் போதும்.

கீறல் விழுந்தால் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசியும். கசிவு சூட்டைக் கிளப்பும், சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும், நீர்த்த எண்ணெய் இன்னும் கசியும். “காலையில நல்லா இழுக்குது, மதியம் சோர்ந்துடுது” என்று ஆபரேட்டர் சொன்னால், முதலில் சந்தேகிக்க வேண்டிய இடங்களில் பம்ப்பும் ஒன்று.

கடன் வாங்கி வண்டி ஓட்டுபவருக்கு, பம்ப் மாற்றுவது லட்சங்களில் போகும் செலவு. அதையும் செய்துவிட்டு சிலர் கோட்டை விடுவது இங்கேதான்: பழைய பம்ப் உதிர்த்த உலோகத் துகள்கள் டேங்க், ஹோஸ், வால்வு எல்லாவற்றிலும் கிடக்கும். அதைக் கழுவாமல் புதுசைப் பொருத்தினால் அதற்கும் அதே கதிதான். பம்ப்பின் உள்கசிவு டேங்குக்குத் திரும்பிவரும் குழாயில் எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று அவ்வப்போது அளந்து பார்த்தால், தேய்மானம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.