விரலில் தங்கிவிடும் வெள்ளி

நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் வீடுதான் பட்டறை. வெள்ளித் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, அரக்கு வைத்துச் சிவப்புக் கல் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை அழுத்துவார்கள். பரதநாட்டிய மேடையில் மின்னும் நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் இப்படிப் பிறப்பவைதான். புவிசார் குறியீடும் வாங்கிய தொழில் இது. ராவும்போது உதிரும் பொடியைச் சிந்தாமல் கூட்டி உருக்கிவிடுவார்கள். கூட்ட முடியாத துணுக்கு ஒன்று எப்போதாவது விரலுக்குள் ஏறிவிடும்.

அது பெரிதாக வலிக்காது. சிக்கலே அங்கேதான். உடம்பின் ஈரத்தில் வெள்ளி மிக மெல்லக் கரைந்து, தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு கந்தகத்தோடும் செலினியத்தோடும் சேர்ந்து கறுக்கிறது. கொலுசு கறுப்பதற்கும் கந்தகம்தான் காரணம். ஆனால் கொலுசைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம், தோலுக்குள் இருப்பதைத் தேய்க்க வழியில்லை. பல ஆண்டு கழித்து அந்த இடத்தில் நீலம் பாய்ந்த புள்ளி தெரியும். வெள்ளி வேலைக்காரர்களின் கைகளில் இதை மருத்துவர்கள் பல நாடுகளில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் தானாக மறையாது.

இரும்பு இவ்வளவு சாது இல்லை. மரவேலையில் ஏறுவது சிலாம்பு. அது நனைந்தால் ஊறும், நைந்து உள்ளேயே முறியும். இரும்புப் பிசிறு முறியாது, ஆனால் கண்ணுக்கும் அகப்படாது. போன மாதம் வீட்டில் ஒரு கொண்டிக்குத் துளை போட்டேன். இரவு வேட்டியை மடித்துக் கட்டும்போதுதான் கட்டைவிரலில் சுருக்கென்றது. விளக்கடியில் பார்த்தால் ஒன்றுமில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகே முடியைவிட மெல்லிய ஒரு கோடு மினுங்கியது.

இவ்வளவு சின்னதற்கு ஏன் இவ்வளவு வலி? இமையில் 0.05 மில்லிமீட்டரே இருக்கும் மேல்தோல், உள்ளங்கையில் 1.5 மில்லிமீட்டர் வரை தடிக்கிறது. அதில் இரத்தக் குழாய் கிடையாது, ஆனால் வலி நரம்பின் நுனிகள் அதற்குள்ளும் நீண்டிருக்கின்றன. குழாய் இல்லாததால்தான் மேலாக ஏறியதை ஒரு சொட்டு இரத்தம் வராமல் எடுத்துவிட முடிகிறது. சோப்புப் போட்டுக் கழுவி, ஊசியையும் சாமணத்தையும் ஸ்பிரிட்டில் துடைத்து, பிசிறின் மேலுள்ள தோலை மட்டும் ஊசியால் விலக்கி, ஏறின வாக்கிலேயே இழுக்க வேண்டும். அமுக்கிப் பிதுக்கினால் உள்ளே போகும். எருக்கம்பால் வைத்தால் முள் மேலே வரும் என்பார்கள். அந்தப் பால் பட்ட கையால் கண்ணைத் தொட்டால் கருவிழியே புண்ணாகும். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

காந்தம் உதவுமா? மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் நியோடிமியம் இருக்கிறது. இன்றைய சக்திவாய்ந்த காந்தங்களின் உயிர் அந்த உலோகம். அப்படிப்பட்ட காந்தமும் பித்தளை, செம்பு, வெள்ளியை ஈர்க்காது. இரும்பிலும் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் வரும். இதைப் பண்டைய மருத்துவர் சுசுருதர் அன்றே கணக்காகச் சொல்லிவிட்டார்: உடலில் தைத்த இரும்பைக் காந்தத்தால் எடுக்க வேண்டுமானால் அது நேராக இருக்க வேண்டும், எதிலும் சிக்கியிருக்கக் கூடாது, கொக்கி போன்ற ‘காது’ இருக்கக் கூடாது, புண்வாய் அகலமாக இருக்க வேண்டும்.

கண்ணில் தெறித்தது என்றால் காந்தம், ஊசி எதையும் எடுக்காதீர்கள். தேய்க்கவும் வேண்டாம், நேரே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். கண்ணுக்குள் தங்கும் இரும்பு கரைந்து விழித்திரையைக் கெடுக்கும். ஸ்விட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஓட்டோ ஹாப் 1892இல் ராட்சத மின்காந்தம் செய்ததே இப்படித் தைத்த துணுக்குகளை எடுக்கத்தான். விரலில் ஏறியது ஆழமாகவோ மூட்டருகிலோ இருந்தாலும், மறுநாள் வீங்கிச் சிவந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது. டெட்டனஸ் வருவது துருவால் அல்ல, மண்ணில் இருக்கும் கிருமியால். ஆகவே பிசிறு பளபளப்பாக இருந்தாலும், கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டோம் என்று பாருங்கள்.

விரலில் நீலப் புள்ளி வந்து மருத்துவரிடம் போகிறவர்கள், வெள்ளி வேலை செய்ததை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது தோல் புற்றுநோய் போலவே தோன்றக்கூடும். எம்.ஆர்.ஐ. கருவியும் ஒரு பெரிய காந்தம்தான், ஆகவே கிரைண்டர் பிடித்தவர்கள் அதை எடுக்கப் போனால், அறைக்குள் நுழையும் முன்பே அந்த வேலையைச் சொல்லுங்கள்.