மயக்கத்தில் கிடப்பவனுக்குக் காவல் யார்?

ரண சிகிச்சைக்காக மேஜைமேல் கிடத்தப்பட்டவன், மயக்க மருந்து ஏறிய கணம் முதல் தன்னைத் தான் காத்துக்கொள்ளும் சக்தியற்றவனாகிறான். மூச்சுத் திணறினும் கூவமாட்டான். நாடி தளரினும் அறியமாட்டான். அவனுடைய இருதயம், நுரையீரல், மூளை ஆகிய மூன்றுக்கும் பிறரே காவல் நிற்க வேண்டும். அக்காவல் போதியதா என்று கேட்பது பொதுஜனங்களின் உரிமையென்பது நமது அபிப்பிராயம்.

இவ்விஷயத்தில் நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1888, 1889-ஆம் ஆண்டுகளில் ஹைதராபாத்தில், டாக்டர் எட்வர்ட் லாரியின் முயற்சியாலும் நிஜாமின் ஆதரவாலும் இரண்டு குளோரோபாரம் கமிஷன்கள் கூடின. பிராணிகள் பலவற்றைப் பரீக்ஷித்தபின், மூச்சு நின்ற பிறகே இருதயம் நிற்கும், ஆதலின் மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்று முடிவு கூறப்பட்டது. மூச்சைக் கவனி என்றது நன்று; ‘மட்டும்’ என்றதே பிழை. லேசான குளோரோபார மயக்கத்திலேயே இருதயம் திடீரெனத் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடுமென்று 1911-இல் குட்மன் லெவி என்ற வைத்தியர் நிரூபித்தார். ஒரு வாயிலுக்குக் காவல் வைத்து மறு வாயிலைத் திறந்துவிட்டது போலாயிற்று.

உதட்டின் நிறமும் போதிய சாக்ஷியன்று. உதிரத்தில் பிராணவாயுவின் அளவு நூற்றுக்கு எண்பதாகக் குறையும்வரை, நீலம் பாய்வதைப் பலரால் நிச்சயமாய்க் காண முடியவில்லையென்று 1947-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. 1970-களில் ஜப்பானியர் டக்குவோ அயோயாகி கண்ட தத்துவத்தால், விரல்நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அவ்வளவை இடைவிடாது கூறுகிறது. வெளிவிடும் மூச்சின் கரியமிலவாயுவை அளக்கும் காப்னோகிராப், சுவாசக் குழாய் சரியான வழியில் சென்றதா என்று தெரிவிக்கும். ஈ.சி.ஜி.யும் ரத்த அழுத்தமானியும் இருதயத்தைக் கவனிக்கும். நெற்றியில் ஒட்டும் மின்வாய்கள் மூளையின் மயக்க ஆழத்திற்குக் குறிப்பளிக்கும்.

போடிநாயக்கனூருக்கு மேலுள்ள ஏலமலைச் சரிவுகளில் உழைப்போருக்கு இது தூரத்துச் செய்தியன்று. ஏலச்செடிக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து தெளிப்பவன் உடலில் ஏறினால், கோலினெஸ்டரேஸ் என்னும் என்ஸைமை முடக்கும். தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சுக்ஸமெத்தோனியத்தைச் சிதைப்பது அவ்வினத்து என்ஸைமே. அது குறைந்தவனுக்குச் சில நிமிஷங்களில் திரும்ப வேண்டிய மூச்சு நெடுநேரம் திரும்பாது. அதுவரை செயற்கையாக மூச்சூட்டிக் காத்தல் அவசியம். சோகை பிடித்த ஸ்திரீக்கோ, ஆக்ஸிமீட்டர் நூறு காட்டினும் உடலுக்குச் சேரும் பிராணவாயு குறைவாகவே இருக்கும். அக்கருவி விகிதத்தைக் கூறுமேயன்றி உதிரத்தின் வளத்தைக் கூறாது.

ஆகவே கருவி மட்டும் காவலனாகாது. அதன் மொழியை அறிந்த மயக்கவியல் வைத்தியர் தொடக்கமுதல் முடிவுவரை அகலாதிருக்க வேண்டும். தோட்டத் தொழிற்சங்கத்தாரும் ஊர்ப் பெரியோரும் இரண்டு காரியங்களை மேற்கொள்வார்களாக. வைத்தியசாலைதோறும் இக்கருவிகள் பழுதின்றி இயங்குகின்றனவா, வைத்தியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். சிகிச்சைக்குச் செல்லும் தொழிலாளி, தான் தெளித்த மருந்தின் பெயரை முன்னரே வைத்தியரிடம் சொல்லும்படி பழக்குங்கள். போடிமெட்டு வளைவுகளில் நோயோடு இறங்கி வருபவன், நலத்தோடு அவ்வழியே ஏறிச் செல்ல வேண்டும். அதற்கு நாம் கேட்பது தயையன்று, கடமையே.