சவேரியார் நடந்த தீவு



புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாளை அடுத்து வந்த ஞாயிறன்று, மறைக்கல்வி வகுப்பில் அப்புனிதரின் பயணங்களைப் பற்றிச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மணப்பாட்டுக் குகை, முத்துக்குளித்துறை, கோவா, மலாக்கா என்று கதை நகர்ந்து ஜப்பானை எட்டியபோது, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான்.

“சாமி, அந்த ஊரு நம்ம ஊரு மாதிரி இருக்குமா? அங்கேயும் மலை இருக்கா? பஸ் போகுமா?”

மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சிறுவனின் தந்தை ஏலத்தோட்டத் தொழிலாளி. விடியுமுன் எழுந்து, தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு, பலரோடு ஒரு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கேரளத்து மலைக்குச் சென்று, இருட்டிய பின் இல்லம் திரும்புபவர். அடைமழையில் மண் சரிந்து வழி அடைபட்டால் அன்று கூலி இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு, ஓர் ஊரைப் பற்றி முதலில் எழும் வினா, அங்கே மலை உண்டா, வழி உண்டா என்பதாகத்தானே இருக்கும்!

அடுத்த ஞாயிறு விடை சொல்வதாக வாக்களித்தேன். பங்கு நூலகத்தில் உள்ள நிலப்படத்தையும் சில நூல்களையும் விரித்து அமர்ந்தபோது நான் கற்றவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒன்பது நாடுகள் என்னும் தீவு

ஜப்பானின் பெருந்தீவுகள் நான்கு. அவற்றுள் பரப்பில் மூன்றாவதாய், தென்மேற்கு ஓரத்தில் அமைந்திருப்பது கியூஷு. ‘ஒன்பது நாடுகள்’ என்பதே அப்பெயரின் பொருள். பழங்காலத்தில் ஒன்பது நாடுகளாகப் பிரிந்திருந்த தீவு, இன்று ஃபுகுவோகா, சாகா, நாகசாகி, குமாமோட்டோ, ஓயித்தா, மியாசாகி, காகோஷிமா என்னும் ஏழு மாவட்டங்களாக ஆளப்படுகிறது. நம் தமிழகத்தின் பரப்பில் நான்கில் ஒரு பங்கினும் சற்றே பெரிய இந்நிலத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி மக்கள் வாழ்கின்றனர்.

நெல் விளையும் நாடு அது. தேயிலைத் தோட்டங்களும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பெயர் பெற்றவை. ஜூன், ஜூலைத் திங்களில் அடைமழை பொழிகிறது. கோடையின் இறுதியில் கடும் புயல்கள் வருகின்றன. வாகனங்கள் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்புறம் செல்கின்றன. இவ்வளவும் நமக்குப் பழகியவையே. பழகாதது ஒன்று உண்டு. அத்தீவின் மலைகளுள் பல, நெருப்பை வயிற்றில் சுமப்பவை.

1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, சவேரியார் கரையிறங்கிய ஊர் காகோஷிமா. மலாக்காவில் அவரைச் சந்தித்து, கோவாவில் திருமுழுக்குப் பெற்ற அஞ்ஜிரோ என்னும் ஜப்பானியரின் சொந்த ஊர் அதுவே. அந்நகருக்கு எதிரே, ஒரு குறுகிய விரிகுடாவின் அக்கரையில், சகுராஜிமா என்னும் எரிமலை புகைந்துகொண்டே நிற்கிறது. முன்னாளில் தனித் தீவாக இருந்த அம்மலை, 1914-ஆம் ஆண்டு பொங்கி வழிந்த குழம்பினால் எதிர்ப்புற நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் அதன் அடிவாரத்தில் மக்கள் குடியிருக்கின்றனர். சாம்பல் விழும் நாள்களில் அதைக் கூட்டி அள்ளிவைப்பதற்கென்றே நகராட்சி பைகள் வழங்குகிறது. நகருக்கும் மலைக்கும் இடையே படகு செல்லப் பதினைந்து நிமிடங்களே ஆகும்.

எரிமலை வாயில் ஒரு பள்ளத்தாக்கு

என்னை வியப்பில் ஆழ்த்தியது, தீவின் நடுவே உள்ள ஆசோ என்னும் இடமே. ஏறத்தாழ தொண்ணூறாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் வெடிப்பில் அங்கே நிலம் உள்வாங்கி, வடக்கு தெற்காக 25 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக 18 கிலோமீட்டரும் கொண்ட ஒரு பெருங்கிண்ணம் உருவாயிற்று. சுற்றிலும் செங்குத்தான மலைச்சுவர். நடுவே இன்றும் புகையும் சிகரங்கள். சுவருக்கும் சிகரங்களுக்கும் இடைப்பட்ட சமவெளியில் நெல் வயல்கள், பள்ளிக்கூடங்கள், புகைவண்டி நிலையங்கள், ஏறத்தாழ ஐம்பதாயிரம் மக்கள்! அச்சமவெளியின் வடபகுதியை ஆசோதானி என்றும் தென்பகுதியை நாங்கோதானி என்றும் அழைக்கின்றனர். ‘தானி’ என்றால் பள்ளத்தாக்கு.

இதைப் படித்தபோது என் மனக்கண்ணில் நம் கம்பம் பள்ளத்தாக்கு தோன்றியது. நம் மலைகள் எரிமலைகள் அல்ல. ஆயினும் மேற்கே கேரளத்தைப் பிரிக்கும் மலைத்தொடர், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும், நடுவே வயல்கள் என்று நாமும் ஒரு கிண்ணத்துக்குள்தான் வாழ்கிறோம். நம் முல்லையாறு வடகிழக்கே திறந்த பக்கமாக ஓடி வைகையைச் சேர்வது போல, ஆசோவின் நீரெல்லாம் மேற்கே மலைச்சுவர் பிளந்த ஒரே வாயில் வழியாக வெளியேறுகிறது. தாத்தேனோ என்னும் அவ்விடத்தில்தான் புகைவண்டியும் உள்ளே நுழைகிறது. ஏற்றம் மிகுதியாதலால், வண்டி முன்னே சென்று நின்று, திசை மாற்றிப் பின்னோக்கி ஏறி, மறுபடியும் முன்னோக்கி ஏறுகிறது. நம் ஜீப்புகள் வளைந்து வளைந்து ஏறும் உயரத்தை அவர்களின் புகைவண்டி இப்படி ஏறுகிறது!

வழி அடைபட்ட ஆண்டுகள்

2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 14, 16 ஆகிய நாள்களில் குமாமோட்டோ மாவட்டத்தைக் கடும் நிலநடுக்கம் தாக்கிற்று. ஆசோவின் மேற்கு வாயிலில் மலை சரிந்தது. சாலையைத் தாங்கிய பெரும்பாலம் பள்ளத்தில் வீழ்ந்தது. இரும்புப்பாதை புதையுண்டது. பள்ளத்தாக்கு மக்கள் சுற்றுவழிகளில் அலைந்தனர். முதன்மை இருப்புப்பாதை 2020 ஆகஸ்டிலும், புதிய பாலம் 2021 மார்ச்சிலும், தென்பகுதிக் கிராமங்களை இணைக்கும் சிறிய இருப்புப்பாதை முழுமையாக 2023 ஜூலை 15-ஆம் நாளிலும் திறக்கப்பட்டன.

இந்தக் கடைசித் தேதியைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1928-இல் போடிநாயக்கனூருக்கு வந்த நம் புகைவண்டியின் கதை உங்களுக்குத் தெரியும். உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில் மீண்டும் இடப்பட்டன. பின் அகலப்பாதையாக்குவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் வண்டி நிறுத்தப்பட்டது. தேனி வரை வண்டி வந்தது 2022 மே மாதத்தில். போடி வரை வந்தது 2023 ஜூன் 15-ஆம் நாள். ஆசோவின் சிற்றூர்களுக்குப் புகைவண்டி திரும்புவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னர்! இடிந்து வீழ்ந்த மலையைச் சீராக்கி அவர்கள் ஏழு ஆண்டுகளில் முடித்ததை, நிலநடுக்கம் ஏதுமின்றி நாம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தோம் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. வசதியுள்ளவர் கார் ஏறிச் சென்றுவிடுவர். வழி அடைபட்டால் வாடுவது, குறைந்த கட்டணத்தில் மதுரை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய ஏழையே.

கியூஷு செல்ல விரும்புவோர்க்கு இன்று வழிகள் பல. ஃபுகுவோகா விமான நிலையத்திலிருந்து நகரின் ஹக்காத்தா நிலையத்துக்குச் சுரங்க ரயிலில் ஐந்தே நிமிடம். அங்கிருந்து தென்கோடிக் காகோஷிமாவுக்கு, 2011-ஆம் ஆண்டு முழுமையடைந்த அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். கியூஷுவை ஹோன்ஷு என்னும் பெருந்தீவிலிருந்து பிரிப்பது கன்மோன் நீரிணை. அதன் அடியில் 1942 முதல் புகைவண்டி செல்கிறது. 1958-இல் திறக்கப்பட்ட, 780 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தில் கடலுக்கடியே நடந்தே கடக்கலாம்! சவேரியாரோ அந்நீரிணையைப் படகில் கடந்து, 1550-51-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், உறைபனியில் நடந்து தலைநகர் கியோட்டோ சென்றார்.

மலையும் கடலும் மறைத்த விசுவாசம்

சவேரியார் ஜப்பானில் இருந்தது ஈராண்டுக்குச் சற்று மேல். அவர் விதைத்தது ஓங்கி வளர்ந்தது. பிறகு புயல் வீசிற்று. 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகியின் ஒரு குன்றில் 26 பேர் சிலுவைகளில் அறையுண்டு மறைசாட்சிகளாயினர். அவர்களுள் ஒருவர், நம் நாட்டின் வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. 1614-இல் கிறிஸ்தவ மறை நாடெங்கும் தடை செய்யப்பட்டது. குருக்கள் கொல்லப்பட்டனர் அல்லது நாடு கடத்தப்பட்டனர்.

அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே குருவும் இல்லை, திருப்பலியும் இல்லை. ஆனால் கியூஷுவின் மேற்குக் கரையின் அமைப்பைப் பாருங்கள். கடல் உள்ளே புகுந்து நிலத்தைக் கிழித்திருக்கும். மலைகள் நேராக நீரில் இறங்கும். ஹிராடோ, அமாகுசா, கோட்டோ என எண்ணற்ற தீவுகள் சிதறிக் கிடக்கும். ஒரு சிற்றூரிலிருந்து அடுத்த சிற்றூருக்குப் போவதே அரிது. பயணிக்குத் தடையாக நின்ற அந்நிலமே, மறைவாக மன்றாடியவர்க்கு அரணாயிற்று. ஊருக்கு ஒருவர் திருநாள்களைக் கணக்கிட்டார். ஒருவர் பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். ஒருவர் வீடு வீடாகச் செய்தி சொன்னார். மனப்பாடமாக வந்த செபங்களைத் தாய்மார் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். இப்படி ஏழு தலைமுறை!

1865 மார்ச் 17-ஆம் நாள், நாகசாகியின் ஓவுரா ஆலயத்தில், பிரெஞ்சு நாட்டுக் குருவாகிய பெத்தித்ஜான் அடிகளிடம் உராக்காமி என்னும் சிற்றூரிலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, அன்னை மரியின் சுரூபம் எங்கே என்று வினவினர். அதனாலும் துன்பம் தீரவில்லை. உராக்காமியின் மக்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சொந்த ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1873-இல்தான் தடை நீங்கிற்று. எஞ்சியோர் திரும்பி வந்து, நம் பெரியாறு அணை திறக்கப்பட்ட அதே 1895-ஆம் ஆண்டில் ஒரு பேராலயத்தைக் கட்டத் தொடங்கினர். 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் அணுகுண்டு வெடித்தது அவ்வாலயத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில். ஒப்புரவு அருட்சாதனத்துக்காகக் கூடியிருந்தோர் அங்கேயே மடிந்தனர். 1959-இல் அம்மக்கள் ஆலயத்தை மறுபடியும் எழுப்பினர்.

அடுத்த ஞாயிறு

வாக்களித்தபடி இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மலை உண்டு, வயல் உண்டு, வண்டியும் உண்டு என்றதும் அச்சிறுவன் முகம் மலர்ந்தது. குருவே இல்லாமல் ஏழு தலைமுறை என்றதும் அவன் மறுபடியும் எழுந்தான்.

“அப்படீன்னா சாமி, சாமியார் இல்லாட்டி எங்க அப்பாகூட ஞானஸ்நானம் கொடுக்கலாமா?”

ஆபத்து வேளையில் யாரும் கொடுக்கலாம் என்றும், அதற்குரிய சொற்களை ஒவ்வொரு கிறிஸ்தவனும் அறிந்திருக்க வேண்டும் என்றும் விளக்கினேன். வகுப்பு முடிந்ததும் அவன் அச்சொற்களைத் தாளில் எழுதித் தருமாறு கேட்டு வாங்கிச் சென்றான். மலைக்குப் போகும் தந்தைக்காம்.

எங்கள் பங்கின் மலையடிவாரக் கிளைக்கிராமம் ஒன்றில், மாதம் இருமுறைதான் திருப்பலி நடக்கிறது என்று மக்கள் என்னிடம் குறைபட்டுக்கொள்வர். குறை நியாயமானதே, அதைத் தீர்க்க முயன்று வருகிறேன். எனினும் நான் செல்லாத ஞாயிறுகளில், கோயில் கதவைத் திறந்து செபமாலையைத் தொடங்கிவைக்கும் மூதாட்டி ஒருவர் அங்கே இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர். செபங்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். கியூஷுவைப் பற்றிப் படித்த பிறகு, அவரைக் காணும்போதெல்லாம் என் தலை தானே தாழ்கிறது.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் நாளை திருப்பூருக்கோ, சென்னைக்கோ, கடல் கடந்தோ செல்வர். கோயில் மணி கேட்காத இடங்களிலும் குடியிருப்பர். அவர்கள் மனத்தில் இருக்க வேண்டிய செபங்களை இன்றிரவே கற்பிக்கத் தொடங்குங்கள். விடியுமுன் மலையேறும் ஜீப்புகளின் ஓசை கேட்கும்போது, அவற்றில் செல்வோர் பத்திரமாய் இறங்கி வர, ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லுங்கள்.